கோலா உருண்டை செய்யத் தெரிந்தவருக்குப் பர்கர் பெரிய வேலை இல்லை

கீழக்கரையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் கோலாலம்பூரில் படித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அங்கே தாவரப் புரதத்தில் செய்த பர்கரும் சாசேஜும் சாப்பிட்டுப் பழகியவள், இங்கேயும் அது வேண்டும் என்கிறாள். அவள் வாப்பாவுக்கு ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் இருப்பதால் அவருக்கும் அதையே கொடுக்கலாமா என்பது அக்காவின் யோசனை. இவையெல்லாம் எதில் செய்கிறார்கள், ஹலால்தானா, நம் பக்கம் கிடைக்குமா, வீட்டில் செய்ய வருமா, நோன்புக்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். உணவுப் பதப்படுத்தும் துறையில் இருப்பவன், ஊரும் மண்டபம் பக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. கறியைக் கொத்தி, மசாலா சேர்த்து, பிடித்து வைக்கிற பண்டம் எதுவானாலும் அதில் தாவரக் கறி எடுபடும். எலும்பு, நார், முள் என்று கறிக்கே உரிய அமைப்பு தெரிகிற பண்டத்தில் எடுபடாது. பர்கரும் சாசேஜும் முதல் வகை. அரைத்த கறி, கொழுப்பு, உப்பு, மசாலா, அவ்வளவுதான். அதனால்தான் வெளிநாட்டு நிறுவனங்களும் இந்த இரண்டில் முதலில் கை வைத்தன. ஆட்டுக்கால் பாயாவில் யாரும் கை வைக்கவில்லை, பார்த்தீர்களா?

எதில் செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் சோயா அல்லது மஞ்சள் பட்டாணி. சோயாவில் எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவைத் தண்ணீர் சேர்த்து, திருகு போன்ற தண்டு சுழலும் இயந்திரத்துக்குள் அதிகச் சூட்டில், அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். வாய் வழியாக வெளியே வரும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பட்டென்று ஆவியாகிறது, மாவு பஞ்சு போல உப்பிவிடுகிறது. நாம் மளிகைக் கடையில் வாங்கும் மீல் மேக்கர் அதுதான். 1960களிலேயே அமெரிக்காவில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் கொண்டுவந்த சரக்கு. இப்போது வரும் விலை கூடிய வகைகளில் தண்ணீரை இன்னும் அதிகமாக விட்டு, வாய்ப்பக்கத்தை நீளமாக்கி, அதைக் குளிரவைக்கிறார்கள். அப்போது மாவு உப்பாமல், ஒரே திசையில் இழை இழையாக அமைகிறது. பிய்த்தால் கோழி நெஞ்சுக்கறி மாதிரி பிரியும்.

கலிஃபோர்னியாவில் 2009இல் தொடங்கிய பியாண்ட் மீட் பட்டாணிப் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. 2011இல் வந்த இம்பாசிபிள் ஃபுட்ஸ் சோயா வேர்முடிச்சில் இருக்கும் ஒரு சிவப்புப் பொருளை ஈஸ்ட் மூலம் தயாரித்துச் சேர்க்கிறது. பச்சைக் கறியின் நிறமும், வாட்டும்போது வரும் ரத்த வாசனையும் அதனால் வருகின்றன. அது மரபணு மாற்றிய ஈஸ்ட். மகளுக்கு அதில் ஆட்சேபம் உண்டா என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது ஏதோ நேற்று முளைத்த மோஸ்தர் என்று வாப்பா சொன்னால் ஒரு கதை சொல்லுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனியில் கறிக்குப் பஞ்சம். அப்போது கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடனாவர் சோயா மாவில் ஒரு சாசேஜ் செய்தார். சாசேஜ் என்றால் கறி இருக்க வேண்டும் என்று சொந்த நாட்டில் காப்புரிமை மறுத்துவிட்டார்கள். எதிரி நாடான பிரிட்டனில் 1918இல் கிடைத்தது! பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனவர் அவர்தான்.

இனி, பாக்கெட்டில் வரும் பர்கர் பட்டியை (பன்னுக்கு நடுவே வைக்கிற வட்டத் துண்டு) எப்படிச் சமைப்பது என்பதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று கொழுப்பு. கறியில் கொழுப்பு கட்டியாக இருப்பது போலத் தெரிய, இதில் தேங்காய் எண்ணெய் சேர்க்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலையைத் தவிர எப்போது சமையலறை அந்தக் குளிர்ச்சியில் இருக்கிறது? பட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உற்றுப் பாருங்கள், இளஞ்சிவப்பு மாவுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிறு புள்ளிகள் தெரியும். கல் சூடாகட்டும் என்று மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், திரும்பி வரும்போது புள்ளிகள் காணாமல் போய், மேல்பக்கம் மினுமினுவென்று எண்ணெய் பூத்திருக்கும், அடியில் தட்டும் பிசுபிசுக்கும். அந்தப் பட்டி கல்லில் விழுந்ததும் மிச்ச எண்ணெயையும் கக்கிவிட்டு வறட்டி மாதிரி ஆகிவிடும். பாக்கெட்டில் உருகவிடச் சொல்லியிருந்தால் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து உருகவிடுங்கள், மேடையில் வேண்டாம். சொல்லவில்லை என்றால் ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்கு.

இரண்டு, பிடிமானம். மீத்தைல் செல்லுலோஸ் என்று ஒன்று சேர்ப்பார்கள், பாக்கெட்டில் 461 என்ற எண்ணாகவும் இருக்கும். ஜெல்லி சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இது நேர் எதிர்: சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். அதனால் கல்லில் போட்டதும் கரண்டியால் நோண்டக் கூடாது, அடிப்பக்கம் சிவக்கும்வரை விட்டுவிட வேண்டும். சுடச்சுடச் சாப்பிட்டால்தான் கடிக்கும் பதம் இருக்கும். மதியம் சுட்டதைச் சாயங்காலம் ஆறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு "இது என்ன கொழகொழவென்று" என்றால் பட்டி மேல் குற்றம் இல்லை.

சாசேஜ் ஆறினாலும் வெட்டும் பதத்தில் இருக்க வேண்டும், அதனால் அங்கே வேறு சரக்கு. பல பாக்கெட்டுகளில் 407 என்று போட்டிருக்கும். அது காராஜீனன், கடல்பாசியிலிருந்து எடுப்பது. எந்தப் பாசி என்று கேட்டால், பாம்பனிலும் மண்டபத்திலும் மூங்கில் தெப்பம் கட்டி நம் பெண்கள் வளர்க்கிறார்களே, அதே கப்பாஃபைகஸ். பெப்சி நிறுவனம் இந்த வளர்ப்பைப் பரப்பியதால் ஊரில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். பன்னிரண்டடிச் சதுரத் தெப்பத்தில் கயிறு கயிறாகக் கட்டி, அதில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்க விடுவார்கள். 45 நாளில் கொத்துக் கொத்தாகத் தடித்து, தெப்பத்தைத் தூக்க ஆள் கூப்பிடும் அளவுக்கு ஆகிவிடும். கையில் எடுத்தால் வழுவழுவென்று ரப்பர் கிளை மாதிரி இருக்கும், கரையில் காயவைத்தால் உப்புப் பூத்துச் சுண்டிவிடும். காய்ந்த பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் பொடிதான் ஐஸ்கிரீம், பற்பசை, சாசேஜ் எல்லாவற்றுக்கும் போகிறது. (இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தம் இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்து இனம். குருசடைத் தீவுப் பவளப் பாறைகளில் பரவிவிட்டது என்று 2008 வாக்கிலேயே ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.)

நோன்பு திறக்க நீங்கள் செய்யும் கடல்பாசி வேறு. அது அகர், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி வகைகளில் வருவது. அதைச் சாசேஜில் போட்டால் மொறுக்கென்று உடையும், இழுபடாது. சாசேஜின் மேல்தோலுக்கு ஆல்ஜினேட் பயன்படுத்துகிறார்கள், 401 என்ற எண். அது கட்டக்கோரை மாதிரியான பழுப்புப் பாசியில் கிடைப்பது. ஆக, நம் கடல் சரக்கு ஏதோ ஓர் ஊர்த் தொழிற்சாலைக்குப் போய், உங்கள் மகள் சாப்பிட்ட சாசேஜுக்குள் போயிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஹலால் பற்றி. மார்க்கத் தீர்ப்பு சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள், பொருளில் என்ன இருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். செடி என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். வாசனைச் சாறுகளை ஆல்கஹாலில் கரைத்திருக்கலாம். ஈஸ்ட் சாறு சில இடங்களில் பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படுகிறது. 'வெஜ்' அல்லாத சாசேஜ்களில் தோல் கொலாஜன் என்ற விலங்குப் புரதமாக இருக்கலாம், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பாக்கெட்டில் இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஹலால் முத்திரை இருந்தால் வேலை மிச்சம். கடையில் சாப்பிடுவதானால், இதே கல்லில், இதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மகளுக்காக இன்னொன்று. பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி பால், தயிர், வெண்ணெய் எல்லாமே பச்சைப் புள்ளிக்குள் அடக்கம். பாலும் வேண்டாம் என்பவர்களுக்குத் தனியாக விதிமுறை 2022இல் வந்தது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் அதன்மேல் இலையும் உள்ள முத்திரையைத் தேடச் சொல்லுங்கள். பன்னையும் விட்டுவிடாதீர்கள். பேக்கரி பன்னில் பால் பவுடர் இருக்கலாம், மேலே பளபளப்புக்கு முட்டை பூசியிருக்கலாம். மயோனைஸ் 'எக்லெஸ்' என்றால் பெரும்பாலும் பால் இருக்கும்.

இங்கே கிடைக்குமா? ராமநாதபுரத்துப் பெரிய கடை ஃப்ரீசர்களில் 'வெஜ் பர்கர் பட்டி' கிடைக்கும். அது உருளைக்கிழங்கும் பட்டாணியும் ரொட்டித்தூளும், அதாவது கட்லெட். தப்பில்லை, ஆனால் மகள் கேட்பது அது இல்லை, புரதமும் சொற்பம். பாக்கெட்டைத் திருப்பி, முதல் இரண்டு மூன்று பொருள்களுக்குள் சோயாப் புரதமோ பட்டாணிப் புரதமோ இருக்கிறதா பாருங்கள். ஐடிசி, டாடா போன்ற பெரிய கம்பெனிகளே 2022இல் இந்தச் சரக்கில் இறங்கின. உதய்பூரின் குட்டாட் மாதிரி சிலர் ஃப்ரீசர் தேவைப்படாத பாக்கெட்டிலும் விற்கிறார்கள். கீழக்கரை வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் அதுதான் தோது. உறைந்த சரக்கை மதுரையிலிருந்து வரவழைத்தால், பாக்கெட்டுக்குள் பனித்தூள் கட்டியாகச் சேர்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தது. அதை வாங்க வேண்டாம். விலையும் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் போய்விடும். வாரா வாரம் வாங்குகிற சாமான் இல்லை என்பது என் கணக்கு.

அதனால் வீட்டில் செய்யுங்கள். கோலா உருண்டை செய்கிற கைக்குப் பர்கர் தானாக வரும்.

நூறு கிராம் மீல் மேக்கர், குருணையாகக் கிடைத்தால் நல்லது. உப்புப் போட்ட கொதிதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். சோயா வாடை பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப்பேர் இந்த முதல் தண்ணீரைக் கொட்டாதவர்கள். பிழிவது என்றால் சும்மா இல்லை, துணியில் கட்டி முறுக்க வேண்டும், ஒரு சொட்டு வரக் கூடாது. முழு உருண்டையாக இருந்தால் மிக்சியில் ஒரே ஒரு சுற்று. பிறகு வாணலியில் கொஞ்சம் எண்ணெயில் ஓரம் சிவக்க வறுக்கவும். கறிமணம் என்று நாம் நினைப்பதில் பாதி இந்தச் சிவப்பில்தான் இருக்கிறது.

சின்ன வெங்காயத்தைத் தனியாக நன்றாகச் சிவக்க வதக்கி, இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை, முண்டு மிளகாய் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. காரம் மிதம், நிறமும் மணமும் தூக்கல், இதற்குப் பொருத்தம். காளானை வெயிலில் காயவைத்துப் பொடித்தது ஒரு ஸ்பூன், துருவிய பீட்ரூட் ஒரு ஸ்பூன், வேகவைத்து மசித்த சிறிய உருளைக்கிழங்கு ஒன்று, பிடிக்கும் அளவு பொட்டுக்கடலை மாவு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து ஆறவிடுங்கள். கடைசியாக, ஃப்ரீசரில் கட்டியாக்கிய தேங்காய் எண்ணெயைத் துருவி இரண்டு ஸ்பூன் தூவி, கை படாமல் கரண்டியால் கலந்து, விரல் தடிமனுக்குத் தட்டி உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அரை மணி நேரம். பிறகு இரும்புக் கல்லில் சுடுங்கள். மயோனைஸுக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீரை எண்ணெய், கடுகு, எலுமிச்சை சேர்த்து மிக்சியில் அடித்தால் வெள்ளையாக வரும்.

சாசேஜுக்குக் கோதுமைப் புரதம் வேண்டும். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி எடுக்கலாம், கை ஒடிந்துவிடும். 'வைட்டல் வீட் குளூட்டன்' என்று பொடியாகவே ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு கப் பொடிக்கு அரை கப் வெந்து மசித்த தட்டைப்பயறு, மிளகு, பூண்டு, சோம்பு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், பிசைய வேண்டிய தண்ணீர். நாலு நிமிடம் பிசைந்தால் இழுபடத் தொடங்கும். விரல் நீளத்துக்கு உருட்டி, அனலில் வாட்டிய வாழையிலையில் இறுக்கமாகச் சுற்றி, இரண்டு முனையும் கட்டி, இட்லிச் சட்டியில் முக்கால் மணி நேரம் அவியுங்கள். இறுக்கம் முக்கியம், லேசாகச் சுற்றினால் உப்பிப் பஞ்சாகிவிடும். அவித்ததை அன்றே சாப்பிடாதீர்கள். ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் பதம் வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் இது கூடாது.

பர்கருக்குச் சொன்ன மீல் மேக்கர் குருணையைக் கீமா, சமோசா, கொத்துப் பரோட்டா எதில் வேண்டுமானாலும் போடுங்கள். பரோட்டா மாவில் முட்டை இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மீனுக்கு மாற்றாக எதையும் பாக்கெட்டில் தேடாதீர்கள். பாம்பனில் இறங்குகிற மீன் சாப்பிட்டு வளர்ந்த நாக்கை அதனால் ஏமாற்ற முடியாது. வாழைக்காயையோ சேனையையோ மீன் மசாலா தடவிப் பொரித்துக் கொடுங்கள். அது மீன் மாதிரி நடிக்காமலே நன்றாக இருக்கும்.

வாப்பாவுக்குக் கொடுக்கலாமா? பதப்படுத்திய கறியை, அதாவது சாசேஜ், ஹாம் வகைகளை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வகையில் மாற்று நல்லதே. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து எட்டெட்டு வாரம் கறியும் தாவரக் கறியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. தாவரக் கறி சாப்பிட்ட வாரங்களில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பியாண்ட் மீட் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனால் ரத்தக்கொதிப்புக்கு எதிரி உப்பு. பாக்கெட் பட்டி ஒன்றில் 350 முதல் 400 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். ஒரு நாளைக்கே 2000க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு பட்டி, பன், சாஸ், ஊறுகாய் என்று சேர்ந்தால் பாதிக்கு மேல் போய்விடும். தேங்காய் எண்ணெயும் அவருக்கு உகந்த கொழுப்பு இல்லை. அவருக்குத் தனியாகத் தட்டும்போது அதற்குப் பதில் ஒரு ஸ்பூன் கடலெண்ணெய், உப்பு பாதி. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பாக்கெட் சரக்கு வேண்டாம், சிலவற்றில் உப்புக்குப் பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள்.

மகளுக்குப் புரதம் கிடைத்துவிடும். மீல் மேக்கர் பாக்கெட்டில் நூறு கிராமுக்கு 52 கிராம் என்று போட்டிருப்பது காய்ந்த எடைக்கு. ஊறி மூன்று மடங்கானதும் நூறு கிராமில் 17 கிராம் போலத்தான் வரும். அதுவே போதும். கிடைக்காதது வைட்டமின் பி12. கறி, மீன், முட்டை, பால் நான்கையும் விட்டவர்களுக்கு அது செடியிலிருந்து வராது, கடல்பாசியை நம்பியும் இருக்க முடியாது. மாத்திரை எடுக்கச் சொல்லுங்கள், இதில் மட்டும் அவளோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை. இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும், சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

நோன்புக்கு முன்பே செய்து வைக்கலாம். பட்டிகளைச் சுடாமல், நடுவில் வாழையிலை அல்லது பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். இஃப்தாருக்கு எடுத்து உருகவிடாமல் நேராகக் கல்லில் போட்டு, மிதமான தீயில் மூடி வைத்துச் சுடுங்கள். சாசேஜை அவித்த பிறகு உறையவைக்க வேண்டும். அதை மட்டும் முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். கரண்ட் போய் ஃப்ரீசர் முழுக்க உருகிவிட்டால், பட்டிகளை உதிர்த்து அன்றைக்கே சமோசாவுக்குள் வைத்துவிடுங்கள், மறுபடி உறையவைக்காதீர்கள்.